கேட்கிறவர் யார், பதில் சொல்கிறவர் யார்: யூ.எஸ்.பி. வேலையில் சில நாட்கள்

மைக்ரோகன்ட்ரோலருக்கு மென்பொருள் எழுதுகிறவர்களின் நிலைமை இதுதான்: எல்லாம் சரியாக நடந்தால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு நாள் நடக்காவிட்டால் நம் போன் நம்பர் ஊருக்கே தெரிந்துவிடும்.

திருவனந்தபுரத்தில் எலெக்ட்ரானிக் தராசு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தராசுக்குள் இருக்கும் சிப்பின் யூ.எஸ்.பி. பகுதி என் பொறுப்பு. போர்டு வடிவமைப்பது பிஜு. யூ.எஸ்.பி.யில் சட்டம் எளிது. கேள்வி கேட்கிறவர் ஹோஸ்ட். கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவர் டிவைஸ். கம்ப்யூட்டர் ஹோஸ்ட், கீபோர்டு டிவைஸ். எங்கள் சிப் இரண்டு வேலையும் செய்யும், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். இல்லாதவர்களும் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிச் செருகிப் பார்த்தவர்கள்தானே. நீங்களும் நம்ம கட்சிதான்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள்

சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர் செல்லையா அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். எங்கள் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்து நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் லேபிள் பிரிண்டர் வாங்கினார். நடுவில் கம்ப்யூட்டர் எதற்கு என்று, இரண்டு கேபிளை வெட்டி ஒட்டித் தராசையும் பிரிண்டரையும் நேராக இணைத்துவிட்டார். எடை திரையில் தெரிகிறது, லேபிள் மட்டும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தராசும் டிவைஸ், பிரிண்டரும் டிவைஸ். யாராவது நம்மைக் கேட்கட்டும் என்று இரண்டும் உட்கார்ந்திருந்தன.

சிப்பை ஹோஸ்டாக மாற்றி எழுதினேன். இப்போது தராசுதான் ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டும். எதிரில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, நீ யார் என்று விசாரித்து, ஒரு முகவரி கொடுத்து, அதன் பிறகே எடையை அனுப்ப வேண்டும். அடுத்த தடவை போனபோது பருப்பு மூட்டை ஏறியதும் லேபிள் வந்தது. கதையைக் கேட்ட அண்ணாச்சி லேபிளைக் கிழித்தபடி சொன்னார்: "ஏம்மா, என் மகன் கல்யாணத்துல ரெண்டு வீட்டுக்காரங்களும் இப்பிடித்தான் இருந்தாங்க, யாரு மொதல்ல பேசணும்னு. அன்னிக்கு உன்னைத் தெரியாமப் போச்சே."

விளக்கு எரிகிறதே

கிழக்கேகோட்டையில் ஒரு பலகாரக் கடை மேனேஜர் போனில் பிடித்துக்கொண்டார். தராசில் விளக்கு எரிகிறதாம், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லையாம். நேரில் போனேன். அவர் மாட்டியிருந்தது சார்ஜ் போட மட்டும் ஆன மலிவுக் கேபிள்; உள்ளே மின்சாரத்துக்கான இரண்டு கம்பி உண்டு, தகவலுக்கான இரண்டு கம்பி இல்லை. டிவைஸ் தன் வரவைச் சொல்வதே அந்தத் தகவல் கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துத்தான். கம்பியே இல்லையென்றால் எதை இழுக்கும்? என் கேபிளை மாட்டியதும் வேலை செய்தது. அவருக்கு மனசு ஆறவில்லை. "கரென்ட் போகுதுன்னா கூடவே விஷயமும் போகும்னு நெனச்சேன் மேடம், ரெண்டும் தனித்தனி டிக்கெட்டா?"

காணாமல் போன கொழுந்து

பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க எங்கள் தராசு. எடைகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்வார்கள். அங்கே சிப் ஹோஸ்ட். சில சமயம் எடை பூஜ்யமாகிவிடுகிறது என்று புகார். பிஜுவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். கொட்டகையில் வரிசை நின்றிருந்தது. முத்துலட்சுமி என்கிற பெண் தன் பையைத் தராசில் வைத்தார். அதே நேரம் சூப்பர்வைசர் பென் டிரைவைச் செருகினார். திரை அணைந்து, எரிந்து, பூஜ்யம் காட்டியது. "எடுத்துட்டு மறுபடி வையி" என்றார் சூப்பர்வைசர். முத்துலட்சுமி அசையவில்லை. "பை இங்கதான் இருக்கு. நான் எடுத்துட்டா இதை எப்படிப் பார்ப்பீங்க? முதல்ல மெஷினைப் பாருங்க."

பிஜு அளந்து பார்த்தான். பென் டிரைவ் உள்ளே வந்ததும் ஒரே மடக்கில் மின்சாரத்தை இழுக்கிறது. அந்தக் கணத்தில் சிப்புக்கே போதாமல் அது அணைந்து மறுபடி எழுகிறது. எழுந்ததும் தராசின் மேல் என்ன இருந்தாலும் அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. "ஹோஸ்ட்னா சோறு போடணும்ல, நம்ம ஆளு தன் தட்டையே கொடுத்துட்டான்" என்றான் பிஜு. மின்சாரத்தை மெதுவாகத் திறந்துவிடும் ஒரு சுவிட்சைப் போர்டில் சேர்த்தான். பட்டனை அழுத்தினால் மட்டுமே பூஜ்யமாகும்படி நான் மாற்றினேன். மறுபடி மலையேறியபோது முத்துலட்சுமி பையை வைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகச் சொன்னார். எண் அசையவில்லை. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு எனக்குக் கோவம் வரல மேடம். காலையில இருந்து நான் ஒண்ணும் பறிக்கலையோன்னு எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துச்சு. அதான் விடல."

தேவைக்கு மேல் கேட்ட பெட்டி

ஆஷா எங்கள் வாடிக்கையாளர் இல்லை. பிஜுவின் தெருக்காரி, தமிழ்க் குடும்பம். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு விரல்கள் தனித்தனியாக அசையாது. பெரிய பட்டன்கள் கொண்ட ஒரு பெட்டியை முஷ்டியால் அழுத்தித்தான் டைப் செய்வாள். கம்ப்யூட்டருக்கு அது ஒரு சாதாரணக் கீபோர்டு டிவைஸ். ஒரு அலுவலக வேலைக்கான தட்டச்சுத் தேர்வுக்கு முன்னால் பழகிப் பார்க்க மையத்துக்குப் போனவள், பெட்டியோடு நேரே எங்களிடம் வந்தாள். வீட்டில் வேலை செய்கிற பெட்டியை அங்கே கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதைச் செய்த கம்பெனி மூடியாயிற்று. தேர்வு மறுநாள்.

அங்கே கம்ப்யூட்டரைப் பூட்டி வைத்து, மேசைமேல் ஒரு இணைப்பைப் பல துளைகளாகப் பிரிக்கும் சின்ன ஹப் ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள் என்று அவள் சொன்னதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு டிவைஸும் அறிமுகத்திலேயே தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டி, இருப்பதிலேயே பெரிய அளவைக் கேட்டது; உண்மையில் தின்பது அதில் துளி. நேராக மாட்டினால் கம்ப்யூட்டர் கொடுக்கும். தனக்கென்று மின்சாரம் இல்லாத ஹப்பால் அது முடியாது, அதனால் ஹோஸ்ட் கதவைச் சாத்திவிடுகிறது. சிப்பில் இருந்ததைப் படித்தெடுத்து, எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் அந்த ஒரு பைட்டை மட்டும் மாற்றி, திரும்ப ஏற்றினேன். எங்களிடம் இருந்த அதே மாதிரி ஹப்பில் ஆஷா தன் பெயரை அடித்தாள். திரையில் வந்தது. "தேவைக்கு மேல கேட்டது அதோட தப்பு. நான் தேவையானதைக்கூடக் கேக்கறதில்ல சேச்சி. வேலை கிடைச்சா ஜன்னல் பக்கத்துல மேசை வேணும்னு கேக்கப் போறேன்" என்றாள்.

வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே கூப்பிட்டாள்: "கேட்டேன், கொடுத்தாங்க. வெளிய பார்த்தா பஸ் ஸ்டாண்டுதான் தெரியுது, பரவாயில்ல."

எந்தச் சிப்பையும் கேட்கிறவராகவோ பதில் சொல்கிறவராகவோ என்னால் மாற்றிவிட முடியும். எல்லோருமே ஹோஸ்டாக உட்காரும் எங்கள் திங்கட்கிழமை மீட்டிங்குக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.