மஞ்சள் தடவிய ஓட்டுக் கவர்

மெல்பர்னில் தாதியாக இருக்கும் என் மகளுக்கு அது முதல் தபால் ஓட்டு. ஓட்டுச் சீட்டு அவள் கைக்கு வந்து சேரவே நாளாகிவிட்டது. திரும்பத் தபாலில் போட்டால் வந்து சேராது என்று, மலேசியாவுக்கு விமானம் ஏறிய ஈப்போ தோழி ஒருத்தியிடம் கவரைக் கொடுத்துவிட்டாள். வாக்களிப்பு நாள் மாலை ஐந்து மணிக்குள் அது கோலா கங்சார் தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பிந்தினால் எண்ண மாட்டார்கள். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகியும், அவள் அடையாள அட்டையில் இன்னும் அந்தத் தோட்டத்து விலாசம்தான்.

அன்று மதியம் தோழியின் வீட்டில் கவரை வாங்கி வந்தேன். மழைச்சட்டை எடுக்க அறைக்குள் போய் வருவதற்குள், மனைவி அதைச் சாமி படத்தின் முன் வைத்து நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவியிருந்தாள்.

“ஏய், என்னா பண்ணுன? சர்க்கார் கவருலா அது!”

“புள்ள மொத மொத போடுற ஓட்டு. மொட்டையாவா அனுப்புறது?”

துணியால் துடைத்தேன். இன்னும் பரவியது.

வேலியருகே நின்ற பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார். அவர் மகன் சிங்கப்பூரில் வேலை. அங்கிருப்பவர்களுக்கு அப்போது தபால் ஓட்டு இல்லை.

“எம்மவன் ராத்திரி பூரா பஸ்ஸுல வந்து போட்டான். உங்க புள்ள ஓட்டு ஜாலியா மஞ்ச குளிச்சிட்டுப் போவுது!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சுங்கை சிப்புட் வரும்போது மழை கொட்டியது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கிப் பையைப் பிரித்தேன். பைக்குள் ஈரம் இறங்கி, கவரை ஒட்டிய இடம் வரை மஞ்சள் ஊறியிருந்தது. உள்ளே சீட்டில் ஒரு பொட்டுப் பட்டால்கூடச் செல்லாத ஓட்டாகிவிடுமோ? மழை விடும்வரை நிற்க நேரமில்லை. அதிகாரியிடம் மலாயில் என்ன சொல்வதென்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

தேர்தல் அலுவலக முகப்பில் இருந்த பெண் கவரை விரல் நுனியால் பிடித்தாள்.

“இனி அப்பா, பாச்சிக்?”

இது என்ன, பெரியவரே என்று மலாயில் கேட்கிறாள். மனப்பாடம் செய்த எதுவும் வாயில் வரவில்லை.

“குன்யிட்,” என்றேன். மஞ்சள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“பிரிக்கல,” என்று மலாயில் அவளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “எங்க பக்கத்து வீட்டுக் கல்யாணக் கார்டும் இப்படித்தான் வரும்,” என்றார். முத்திரை குத்திப் பெட்டியில் போட்டார்கள்.

வெளியே வந்ததும் மகள் அழைத்தாள்.

“குடுத்துட்டீங்களாப்பா? எண்ணிருவாங்கல்ல?”

சட்டையில் மார்புப் பக்கம் மஞ்சளாக இருந்தது.

“வாங்கிக்கிட்டாங்கம்மா,” என்று மட்டும் சொன்னேன்.

இப்போது சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் தபால் ஓட்டு என்று பேச்சு அடிபடுகிறது. எந்த முகப்பில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் போக அண்ணன் வந்தார். நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

“கவரு வந்தா மொதல்ல இங்க கொண்டாங்கண்ணே,” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

“வேணாம்ணே,” என்றேன் அவசரமாக. “நேரா அங்க கொண்டு போயிருங்க.”