அந்தக் குருவிக்கு இருமல் ஆகாது

புவனா அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னபோது நான் செண்பகனூரில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மோடு பறவை பார்க்க நடக்க வரும் உங்களுக்கெல்லாம் யார் சொல்வது என்று மட்டும் யோசித்தேன். பிறகு நானே சொன்னேன்.

நாங்கள் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். அவர் கணக்கு, நான் உயிரியல். உங்களில் பலருக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். எனக்கு அவரோடு சேர்ந்து போட்ட ஒரு பயணத் திட்டம். இலங்கையின் மலைக்காடுகளில் மட்டும் வாழும் ஒரு சீகாரப் பூங்குருவி உண்டு. மகா கூச்சம். விடியலில் ஓடைக்கரையில் கொஞ்சம் தலைகாட்டும், அவ்வளவே. "நம்மூர்ல இருக்கிற இதே சாதிக் குருவி ரோட்டோரம் நின்னு விசிலடிக்கிற வெட்டிப்பய. அது அப்படியில்ல டீச்சர். நாமதான் தேடிப் போகணும்" என்பார்.

அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. "பொறந்த எடத்தப் பாக்கப் போறியாக்கும்" என்று உறவினர் யாராவது உருகினால், "நாங்க இருந்த லயத்து வீட்டப் பாத்து அழ எனக்கு நேரமில்ல. குருவி பாக்கப் போறேன்" என்று வாயை அடைத்துவிடுவார்.

அதற்கு ஒத்திகையும் பார்த்தோம். வெள்ளனே எழுந்துபோய் நம்மூர்ச் சோலைக்காட்டுக்குள் ஓடைக்கரையில் அசையாமல் நிற்கப் பழகினோம். அக்காவுக்கு இருமல் வந்தது. சால்வை முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"பனிதான் டீச்சர். அடக்கிப் பழகிட்டாப் போதும். அந்தக் குருவிக்கு இருமல் ஆகாது."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அடக்கிப் பழகினார். கடைசியில் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத அளவுக்குத் தேறிவிட்டார். நுரையீரலில் என்ன இருக்கிறது என்று மதுரையில் சொன்னபோது, செய்வதற்கு அதிகமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

திட்டத்தை உடனே விடவில்லை; சுருக்கிக்கொண்டே வந்தோம். மலை நடை போயிற்று. ஓடை வரை வண்டி என்றானது. பிறகு அதுவும் முடியாது என்று தெரிந்ததும், காட்டோர விடுதியில் ஜன்னலருகே ஒரு நாற்காலி போதும் என்றேன். அவர் சிரித்தார். "சன்னலுக்கெல்லாம் அது வராது. நமக்காக அதோட கொணத்த மாத்திக்குமா?" அதன்பின் நாங்கள் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை.

கடைசி வாரத்தில் பார்க்க வந்த உறவுப் பெண் ஒருத்தி, அன்பாகத்தான், "கண்ண மூடி நெனச்சுக்கங்க பெரியம்மா. பாத்த மாதிரிதான்" என்றாள். அக்கா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார்.

"பாக்காதத பாத்தேன்னு சொல்லக் கூடாது தாயி." மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாக்கல டீச்சர். அவ்ளோதான்."

அஞ்சலிக் கூட்டத்தில், அவர் பறவையாகி அந்தக் காட்டுக்கே போயிருப்பார் என்று சிலர் பேசினீர்கள். நல்ல மனதோடுதான் பேசினீர்கள். என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. அவருக்குப் பதிலாக என்னைப் போய்வரச் சொல்கிறீர்கள். நான் போகப்போவதில்லை. புவனா அக்கா இல்லை. அந்தப் பறவையை அவர் பார்க்கவில்லை. ஆறுதலுக்காகக்கூட இதை மாற்றிச் சொல்லாதிருப்பது ஒன்றுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது.