எஞ்சினுக்கு அடியில் கல்யாணச் சேட்டு

லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகுகளின் எஞ்சினைத் திருத்தும் கலீலுர் றஹ்மான், வேலை முடிந்ததும் ஆணியில் தொங்கும் தன் வெள்ளைச் சேட்டை எடுப்பார். உடுத்துவதற்கு அல்ல. அதை மடித்து லோஞ்சின் எஞ்சினுக்கு அடியில் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, பனியனோடு உட்கார்ந்து பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடிப்பார். பிறகு சேட்டை இழுத்துப் பார்ப்பார். எண்ணெய்ச் சொட்டு இல்லையென்றால் அதையே உடுத்திக்கொண்டு திருகோணமலைக் கடைத்தெரு வழியே ராசா மாதிரி வீட்டுக்கு நடப்பார். சொட்டு இருந்தால் மறுபடியும் எஞ்சினுக்குள் தலை.

"பழந்துணி ஒண்டு வைச்சாப் போதாதோ நானா?" என்று நான் கேட்டிருக்கிறேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"பழந்துணியில பட்டா ஆருக்கு நோகும், தங்கச்சி?" என்பார்.

தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கிற மனிதர். வேலை செய்யும்போது பாடுவார். துறைமுகத்துக் காகங்கள் எழும்பிப் போய்விடும். அவருடைய கைராசி ஒயில் பானில். எஞ்சினின் வயிற்றுக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கிற இரும்புத் தட்டு அது. உப்புத் தண்ணீர் அதைத்தான் முதலில் அரிக்கும். இறக்குமதி நின்றபிறகு கம்பனிப் பானைக் கண்ணால் காண முடியவில்லை. உள்ளூர்ப் பட்டறையில் அடித்ததுதான் கிடைக்கிறது. அதன் விளிம்பு நெளிந்திருக்கும், துளைகள் எஞ்சினின் துளைகளோடு கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும். நானா தட்டி நிமிர்த்தி, அராவிச் சமாதானம் பண்ணிப் பூட்டுவார். விளிம்பிலுள்ள திருகாணிகளைச் சுற்றிச் சுற்றி வந்து சிறிது சிறிதாகத்தான் இறுக்குவார். "நாலஞ்சு பேர் சுத்தியிரிந்து தின்னுற சஹன் தட்டுல சோறு வெக்கிற மாதிரி. ஒராளுக்கு மட்டும் அள்ளி வெச்சா மத்தாக்கள் எழும்பிப் போயிருவாங்க."

நாற்பது தாண்டிய இந்த மனிதருக்குப் போன மாதம் கல்யாணம். பெண் மூதூர் ஸுல்பிகா, தையல்காரி. மாப்பிள்ளைச் சேட்டைத் தன் கையாலேயே தைத்து அனுப்பியிருந்தார். நானாவின் சேட்டுச் சோதனை மூதூர்வரை பிரசித்தம் என்பதால், கூடவே ஒரு சொல்: "அண்டைக்கு ஒரு நாளைக்காவது எண்ணெய்க் கறை இல்லாம வரச் சொல்லுங்க." அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து நானா எலுமிச்சங்காயும் சவர்க்காரமுமாகக் கையைத் தேய்த்துத் தோலையே உரித்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டாரைக் குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூருக்கு ஏற்றிச் செல்வது எங்கள் லோஞ்சு. என் வீட்டுக்காரர் ஞானசேகரத்துக்கு நானாவென்றால் உயிர். அந்த உயிர்தான் வினையாகியது. அரித்துப்போன பழைய பானைக் கழற்றி, உள்ளூர்ப் பான் ஒன்றை முதல்நாளே தானே பூட்டிவிட்டார். மாப்பிள்ளைக்கு வேலை வைக்கக் கூடாதாம்.

கல்யாணத்தன்று றபான் மேளம் முழங்க, ஆட்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. நானா மட்டும் ஒரு காலை லோஞ்சில் வைத்தபடி நின்று, பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தார். அங்கே எண்ணெய் வானவில்லாய்ப் படர்ந்து கிடந்தது.

"சேகரம், பான ஆரு பூட்டின?"

"நான்தான் மச்சான்," என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

"ஒரு பக்கமா இறுக்கிப் போட்டாய். நடுக்குடாவுல எண்ணெய் முடிஞ்சா எல்லாரும் நீந்தியா நிக்காஹ்வுக்குப் போற?"

அடுத்த நிமிடம் கல்யாணச் சேட்டு ஆணியில் தொங்கியது. சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கிப் பானைக் கழற்றினால், எண்ணெய் கசியாதிருக்க இடையில் வைத்த காகித மட்டை கிழிந்து கிடந்தது. புது மட்டைக்கு எங்கே போவது? நானாவின் கண், மணப்பெண்ணுக்காக நான் மடியில் வைத்திருந்த கூறைச்சாறியின் மட்டைப் பெட்டியில் விழுந்தது. நான் சாறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், பெட்டி போயிற்று. கத்தரித்து, எண்ணெயில் தோய்த்து, பானுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைத்தார்.

வேலை முடிந்து அவர் கை சேட்டுத் தொங்கிய ஆணிக்குப் போனபோது றபான் நின்றது.

"அது வேண்டாம் மச்சான்! இந்தா, என்ர சேட்டு," என்று இவர் கழற்றி நீட்டினார்.

"ஒன்ட சேட்டுல பட்டா எனக்கு நோகாது. இத்தின உசிர் ஏறி இரிக்கி." சொல்லிவிட்டு ஸுல்பிகா தைத்த சேட்டை எஞ்சினுக்கு அடியில் செருகினார். அன்று அவர் பிளேன்ரீ குடிக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

இழுத்துப் பார்த்தால், இடப்பக்க நெஞ்சில் ஒரே ஒரு சொட்டு. நானா சிரிக்காமல் நின்றதை அன்றுதான் கண்டேன். திருகாணிகளை மறுபடியும் சுற்றிச் சுற்றி இறுக்கினார். சேட்டின் முதுகுப் பக்கத்தை மேலே வைத்து மறுபடியும் செருகினார். இம்முறை பால் வெள்ளை! றபான்காரர் குதித்த குதியில் லோஞ்சே சரிந்தது.

மூதூரில் மாலையை இடப்பக்கம் இழுத்து, கறையை நானே மறைத்துவிட்டேன். நிக்காஹ் நல்லபடி முடிந்தது. தாலிச் சங்கிலி போட நானாவைப் பெண்ணிடம் கூட்டி வந்தார்கள். பெண்கள் குரவையிட்டார்கள். அவர் குனிந்தார், மாலை ஆடியது, கறை வெளியே வந்தது. குரவை பாதியில் நின்றது.

ஸுல்பிகா தான் தைத்த நெஞ்சையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "லோஞ்சு ஒழுகினதா?"

"ரெண்டாந்தரம் ஒழுகல்ல," என்றார் நானா. அத்தாட்சி காட்டவேண்டுமல்லவா? மணப்பெண்ணுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, அந்த வெள்ளை முதுகைக் காட்டியபடி நின்றார்.

சிரிப்பை அடக்க முடியாமல் ஸுல்பிகா அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தாய் பார்க்குமுன் மாலையைக் கறைமேல் இழுத்துவிட்டார்.