அத்தைக்குக் கட்டிய காப்பு

அன்றைக்கு வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐயா இருந்தார். ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். அப்பா இருந்தார், தோளில் துண்டோடு. அம்மா இருந்தாள், கையில் கரண்டியோடு. மாரியம்மன் கோயில் பூசாரி இருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டி வந்ததால் எச்சில் கையோடு நின்றார். அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் இருந்தேன். எனக்கு எட்டு வயது. எல்லாரும் அத்தையின் கையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அத்தையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு விரலி மஞ்சள். கட்டியது நான்தான்.

எங்கள் ஊர் இலுப்பூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வைகாசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் எட்டு நாள். காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள் அந்த எட்டு நாளும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கையில் கயிறு கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் இருக்கிறது. செருப்புப் போடக்கூடாது. வெளியில் கை நனைக்கக் கூடாது. பொழுதடைவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வேறொன்றும் தெரியும். அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அத்தை போலீஸ் வேலைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தவள். முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் போயிற்று. இரண்டாம் தடவை எழுத்தில் தேறி, ஓட்டத்தில் போயிற்று. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். நாலு விநாடி தப்பிவிட்டது. நாலு விநாடி என்றால் எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு தும்மல், அப்புறம் மூக்கைத் துடைக்கிற நேரம் என்றார்.

அதற்குப் பிறகு அத்தை தினமும் கண்மாய்க்கரையில் ஓடினாள். மடையிலிருந்து, நிறைந்த தண்ணீர் வழிகிற கலுங்குவரை நானூறு மீட்டர். அப்பா கயிறு போட்டு அளந்து இரண்டு பக்கமும் கல் நட்டுக் கொடுத்தார். ஓடிவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். அப்புறம் கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போவாள். சாயங்காலம் வந்து புத்தகத்தை எடுப்பாள். ஒரு நாளும் விட்டதில்லை. மழை பெய்தால் கரை வழுக்கும் என்று ரோட்டில் ஓடினாள்.

கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏத்தா, யாரு ஒன்னய வெரட்டுறா? சொல்லு, நாங்க கேக்குறோம்."

"போலீசு வேல கெடைக்கிறதுக்குள்ள திருடன் கெழவனாயிருவான். மெதுவாப் போத்தா."

அத்தை மூச்சை விட்டு அவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டாள். திரும்பி வரும்போது மட்டும், "சித்தப்பா, ஒங்க ஆடு அங்கிட்டு உளுந்துக்குள்ள நிக்கிது" என்பாள். அவர்கள் ஓடுவார்கள்.

மூன்றாம் தடவை எழுத்தில் தேறிவிட்டாள். ஓட்டத்துக்குக் கடிதம் வந்தது. ஐயா ஒரே பேச்சாகச் சொன்னார். இதுதான் கடைசி. இதிலும் இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். திருமயம் பக்கம் ஒரு மாப்பிள்ளை. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். போட்டோவைத் தகரப் பெட்டிக்குமேல் வைத்திருந்தார்கள். அத்தை சரியென்றாள். அவள் சொன்ன சொல் மாறமாட்டாள் என்று ஐயாவுக்குத் தெரியும்.

கடிதத்தில் போட்டிருந்தது புதன், வியாழன், புதுக்கோட்டை மைதானம், காலை ஏழு மணி. காப்புக் கட்டுவது அதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம். அதனால் அப்பாவும் அத்தையும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் அத்தை ஊரை விட்டுப் போய்விட வேண்டும். புதுக்கோட்டையில் அவள் பெரியம்மா வீட்டில் நாலு நாள் தங்கி, இரண்டு நாளும் மைதானத்துக்குப் போக வேண்டும். காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாதவளுக்கு எந்தக் கட்டும் இல்லை. பையில் துணி எடுத்து வைத்தாள். கடலைக்காட்டுக் கூலியில் வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைத் துடைத்துத் தனியாக ஒரு பையில் வைத்தாள்.

அம்மா சனிக்கிழமை பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். "காப்புக் கட்டுனவளோட மாரியாத்தா கூடவே போவா. கைய விட மாட்டா." நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் அத்தை தனியாகப் போனாள். அதனால்தான் நாலு விநாடி. எனக்கு அப்படித்தான் பட்டது. இந்தத் தடவையும் தனியாகப் போகிறாள்.

ஞாயிறு காலையில் பிள்ளைகளெல்லாம் கோயிலுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றப் போனோம். காப்புக் கயிறுகள் தாம்பாளத்தில் அம்மன் காலடியில் இருந்தன. விழுந்து கும்பிட்டேன். ஒன்றை எடுத்துப் பாவாடையில் சொருகிக்கொண்டேன். அத்தை தலை முழுகிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று பாயில் கண்ணயர்ந்திருந்தாள். பெண்களுக்கு இடது கை. கயிற்றைத் தண்ணீரில் நனைத்து மூன்று முடிச்சுப் போட்டேன். நனைத்துக் கட்டினால் காய்ந்ததும் இறுகும். மாட்டுக்குக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அத்தை எழுந்ததும் பார்த்தாள். பல்லால் முடிச்சைக் கடித்தாள். அதற்குள் ஐயா பார்த்துவிட்டார். பூசாரியைக் கூட்டிவரச் சொன்னார்.

பூசாரி என்னைக் கேட்டார்.

"எங்கேருந்துத்தா எடுத்த?"

"ஆத்தா காலடியிலேருந்து."

"கும்புட்டு எடுத்தியா, சும்மா எடுத்தியா?"

"கும்புட்டுத்தான்."

பூசாரி எச்சில் கையைத் தலையில் வைக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "கும்புட்டுட்டாளே! சும்மா எடுத்திருந்தா திருட்டு. வெறுங்கயிறுன்னு அத்து எறிஞ்சிரலாம்."

"இன்னும் ஆத்தாளுக்கே கட்டலையே, பூசாரியய்யா" என்றாள் அத்தை. "அதுக்கு முந்தி எனக்குக் கட்டுனா அது காப்பாகுமா?"

"அதாந்தா எனக்கும் ஓடல. எங்க அப்பன் காலத்துலயும் இப்பிடி நடந்ததில்ல."

"ஆத்தாளே வேணாமுன்னு நிறுத்திட்டா" என்றார் ஐயா. "நடுவுல நாம யாரு?"

"நிறுத்துனது ஆத்தா இல்ல, ஒங்க பேத்தி" என்றார் அப்பா. அப்பா ஐயாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பூசாரி யோசித்தார். பிறகு சொன்னார். "அவுக்கணுமுன்னா அவுக்கலாம். எலுமிச்சம்பழம் அறுத்து, மன்னிப்புக் கேட்டு நானே அவுத்து விடுறேன். ஆனா குத்தம் கட்டுனவ மேல நிக்கும். அதை என்னால தூக்க முடியாது."

அப்போதுதான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அத்தை பஸ் வந்த பக்கம் பார்த்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.

"அவுக்க வேணாம். இருக்கட்டும்."

"அப்ப போக மாட்டியா?" என்றாள் அம்மா.

"போவேண்ணி. பொழுதடையறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துட்டா ஆத்தா கேக்க மாட்டாள்ல, பூசாரியய்யா?"

"கேக்க மாட்டா. கால்ல ஒண்ணும் போடக்கூடாது. வெளிச்சோறு கூடாது. தண்ணி குடிச்சுக்க."

அத்தை ஷூப் பையை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். பஸ் போய்விட்டது. சாயங்காலம் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கூட்டத்தில் அத்தையும் நின்று கும்பிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை விடியுமுன் கிளம்பினாள். சாயங்காலம் எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது, காலை நாலு மணிக்கும் கிடையாது. அப்பா திருவிழாக் காரியக்காரர், அந்த நேரத்தில் அம்மனுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டிய முறை. கோயிலிலிருந்து எல்லைக்கல்வரை கூடப் போய்விட்டுத் திரும்பினார். அங்கிருந்து, பஸ் ஏறுகிற இலுப்பூர்வரை அத்தை தனியாக நடந்தாள். அப்போது அது தார் போடாத ரோடு. செம்மண்ணும் சரளைக்கல்லும்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவும் நானும் எல்லைக்கல்லுக்குப் போனோம். ஐயா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எங்க மாமா இங்கிட்டு?" என்றாள் அம்மா.

"ஆட்டப் பாக்க வந்தேன்."

ஆடு பட்டியில் இருந்தது.

பொழுது பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ரோட்டில் யாரையும் காணோம். ஐயா கண்ணுக்குமேல் கையை வைத்து மேற்கே பார்ப்பார், பிறகு ரோட்டைப் பார்ப்பார். "இந்த ரோட்டுல எவன் சரளயக் கொட்டுனான்" என்று ஒரு தடவை சொன்னார்.

முதலில் தூசி தெரிந்தது. பிறகு அத்தை தெரிந்தாள். ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பை முதுகில் அடிக்க, வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். மைதானத்தில் ஓடியதை எங்களுக்கு ஓடிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கை தட்டினேன். கல்லைத் தாண்டி வந்து குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொழுது அப்போதுதான் மறைந்தது.

"என்னாச்சு?" என்றாள் அம்மா.

"தேறிட்டேண்ணி. ரெண்டு இருவத்தெட்டு."

ஐயா அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

தேறியவர்களுக்கு மட்டும்தான் மறுநாள். மறுநாளும் அப்படியே போனாள். நீளம் தாண்டினாள், பந்து எறிந்தாள், நூறு மீட்டர் ஓடினாள். அப்படியே வந்தாள். இரண்டு நாளும் காலையில் வீட்டில் ஒரு வாய், ராத்திரி வீட்டில் ஒரு வாய். நடுவில் மைதானத்துக் குழாய்த் தண்ணீர்.

வேலை வந்தது. உடனே வரவில்லை. திருமயம் மாப்பிள்ளை லீவு முடிந்து வெளிநாடு திரும்பி வெகு நாள் கழித்துத்தான் வந்தது. அத்தை இப்போது வேறு மாவட்டத்தில் ஏட்டாக இருக்கிறாள். கல்யாணமும் பண்ணிக்கொண்டாள், அவள் பார்த்த ஆளை. எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பூப்பறிக்கப் போகிறேன். சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று ஆசை. அஸ்திவாரத்தோடு நிற்கிறது. போன பொங்கலுக்கு அத்தை வந்தபோது கேட்டேன், அந்தக் கயிற்றை அவள் நம்பினாளா என்று.

"நம்பாம அம்புட்டுத் தூரம் நடக்க முடியுமாடி? ஆத்தா கூடத்தான் வந்தா. ஆனா ஓடுனது நாந்தான்" என்றாள். அஸ்திவாரத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "கடக்காலு ஆழமாத்தான் போட்டிருக்க" என்றாள்.

அந்த முடிச்சை அவள் எப்போது வேண்டுமானாலும் அறுத்திருக்கலாம். இலுப்பூர் தாண்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஷூவைப் பையில் ஒளித்துக் கொண்டுபோயிருக்கலாம். பெரியம்மா வீட்டில் படுத்திருக்கலாம். அவிழ்த்தால் குற்றம் யார்மேல் நிற்கும் என்று பூசாரி சொன்னது என் காதில் விழுந்தது. புத்தியில் விழவில்லை. அத்தை ஓட்டத்தில் தேறியது என் கயிற்றால்தான் என்று ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒரு தடவைகூட இல்லையென்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை வாசலில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊக்கால் நெம்பி, உள்ளங்காலில் ஏறியிருந்த சரளைக்கல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவினாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அத்தை அழவில்லை. அதனால் அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கல்லை அதில் போட வேண்டும். சிவப்பாக, மிளகை விடச் சின்னதாக இருந்தன. போட்டால் டிங்கென்று சத்தம் வந்தது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

"எத்தனடி?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டாள் அத்தை.

கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். இருபத்து மூன்று.