மெழுகுவத்தி ஏலத்தில் ஒரு மட்டைப் பை

1934ஆம் ஆண்டு, திருக்காஞ்சி மாசி மகத்துக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. வில்லியனூரில் ஒரு தோட்ட வீட்டில் ஏலம் நடந்தது. எங்கள் பக்கத்தில் எந்த ஏரி எந்த ஆண்டு உடைந்தது, எந்தப் புயல் எந்தக் கிழமை அடித்தது என்று கேட்டால் பிசகாமல் சொல்வேன். இந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். நெற்றியில் இடிக்காத நிலைப்படியை நான் பார்த்ததில்லை. அப்போது மூலக்குளத்தில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதைப்படி ‘முசே’ என்றுதான் அழைப்போம். முசே இங்கிலாந்தில் சில காலம் இருந்தவர். அங்கே கோல்ஃப் ஆட்டம் பழகியவர். ஊசுட்டேரியின் தண்ணீர் வற்றிய மேட்டுப் பக்கத்தில் குழிகள் வெட்டி, ஞாயிறு மாலைகளில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். இரண்டே ஆண்டில் நான் அவரை ஜெயிக்க ஆரம்பித்தேன். அவருக்கு அதில் கோபமில்லை, பெருமைதான்.

ஒரே தொல்லை, மட்டைகள். முசே குள்ளமான மனிதர். அவருடைய மட்டையைப் பிடிக்க நான் நாற்று நடுகிறவர்களைப் போலக் குனிய வேண்டும். பத்து அடி அடிப்பதற்குள் இடுப்பு விண்ணென்று தெறிக்கும். அதன் பிறகு பந்து நான் நினைத்த பக்கம் போகாது.

விளையாட்டாக இருந்தவரை சமாளித்தேன். அந்த ஆண்டு மணிலாக்கொட்டை விலை விழுந்து, கிடங்கை மூடப்போவதாக முசே சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். முசேதான் எனக்காக ஒரு வழி பார்த்தார். கடலூர்ப் பக்கம் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றில், கணக்கு எழுதவும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தரவும் ஒரே ஆளைத் தேடினார்கள். ஏலத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சொந்த மட்டைகளோடு போய் ஆடிக் காட்ட வேண்டும். முசேயின் மட்டைகளோடு போனால் வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மதராஸ் கடையில் விசாரித்தோம். என் உயரத்துக்கு வேண்டுமென்றால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்ட பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. ஊர்த் தச்சர் ஒரு மட்டையை நடுவில் அறுத்து, மூங்கில் செருகி நீட்டிக் கொடுத்தார். முதல் வீச்சில் மட்டையின் தலை கழன்று ஏரிக்குள் பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. முசே சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரம் வில்லியனூர்க் குடைக்கடை பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, தோட்ட வூட்டு எஞ்சினியர் சீமைக்கே போயிட்டாரு. சாமானெல்லாம் சனிக்கிழமை ஏலம் போவுது. அவரும் உன்னாட்டம் ஒட்டடக்கோலுதான். நீ ஆடுற அந்தக் குச்சிங்களும் இருக்குதாம், போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். நீளமான, உருண்டையான தோல் பை, உள்ளே மட்டைகள். ஒன்றை எடுத்துப் பிடித்தேன். நிமிர்ந்து நின்றபடியே அதன் தலை தரையைத் தொட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று எழுத இப்போது கூச்சமில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் நிலம், சாராயக் குத்தகை போன்றவற்றை மெழுகுவத்தி கொளுத்தி ஏலம் விடும் வழக்கம் உண்டு. அன்றைய ஏலக்காரர் அந்தப் பழக்கத்தில் வீட்டுச் சாமான்களுக்கும் அதையே வைத்தார். சிறு துண்டு மெழுகுவத்தி எரியும்வரை விலை கேட்கலாம். அது அணைந்ததும் இன்னொரு துண்டு. அதுவும் யாரும் ஏற்றிக் கேட்காமல் அணைந்தால், கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். கேட்கிறவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டார்.

பையும் மட்டைகளும் சேர்ந்து ஒரே உருப்படியாக ஏலத்துக்கு வந்தன. எனக்குப் போட்டி இருக்காது என்று நினைத்தேன். பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், குட்டையாக, கெட்டியாக, மனைவியோடு நின்றிருந்தவர், நான் சொன்னதற்கு மேல் சொன்னார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார்.

“இன்னாய்யா இந்த நெட்டையன் வுட மாட்றான்!” என்றார்.

“நீயும் வுடாத. அங்க கரும்பு காயுது” என்றார் அந்த அம்மா. பிறகு என் காலைப் பார்த்துவிட்டு, “இந்தப் பாதத்துக்குச் செருப்புத் தைக்க ஒரு மாட்டுத் தோலு பத்தாதுதான்” என்றார். கூட்டம் சிரித்தது. கரும்புக்கும் கோல்ஃப் மட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. பழைய இரும்புக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கையிருப்பு முழுவதையும் விலையாகக் கேட்டுவிட்டேன். அவர் ஒருபடி மேலே போய் நின்றார். முதல் துண்டு அணைந்தது. இரண்டாவது துண்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுடர் சுருங்கச் சுருங்கக் கடலூர் வேலையும் கூடவே போவது போல இருந்தது. அணைந்தது. பை அவருடையது.

வெளியே வந்தால், அவர் வண்டியருகே பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மட்டைகளை மண்ணில் கொட்டிவிட்டு, பையின் அடியில் கத்தியை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இன்னா பண்றீங்க?” என்று ஓடினேன்.

“வாங்குனவன் நானு. அறுப்பேன், கொளுத்துவேன். உனக்கு இன்னா?”

“பையை அறுத்துக்குங்க. எனக்குக் குச்சிங்கதான் வேணும்.”

கத்தி நின்றது. “குச்சிக்கா இம்மாம் போட்டி போட்ட?”

“நீங்க பைக்கா போட்டீங்க?”

கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கவலைச் சாலுக்கு அடியில், தண்ணீரை வாய்க்காலில் கொட்ட ஒரு தோல் வால் இருக்கும். அவருடைய சாலின் வால் கிழிந்துபோயிருந்தது. புதுத் தோல் பதமாக நாளாகும். கரும்பு அதுவரை தாங்காது. குதிரைச் சேணம் ஏதாவது கிடைக்குமா என்று வந்தவர், அடியை அறுத்தால் அப்படியே வாலாகிவிடும் அந்தப் பையைப் பார்த்திருக்கிறார்.

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார். “இவன் வாயைத் தொறந்து சொல்லியிருந்தா பாதிக் காசு மிஞ்சியிருக்குமே! வூட்ல இருந்ததெல்லாம் வழிச்சிக்கினு வந்தமே!”

எனக்கு வெட்கமாக இருந்தது. என் கையிலிருந்த பணம் முழுவதையும் நீட்டினேன். விவசாயி வாங்கவில்லை, சந்தேகமாகப் பார்த்தார். “இவ்ளோ குடுக்கிறியே, இதுல இன்னாமோ இருக்குது. இன்னாத்துக்கு இது?”

கிடங்கு மூடுவதையும் மறுநாள் கடலூர் போவதையும் சொன்னேன். “அடிச்சிக் காட்டு” என்றார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பந்து வைத்திருப்பேன். அறுவடை முடிந்த வயலில் வைத்து, குனியாமல் நின்று அடித்தேன். பந்து பனைமரங்களுக்கு மேலே போய் மறைந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவரும் வேட்டியை மடித்துக்கட்டி ஒரு மட்டையை எடுத்தார். பிடி அவருடைய மார்பில் இடித்தது. ஓங்கி வீசியதில் மண்தான் பறந்தது.

“பந்தடிக்கச் சொன்னா கரும்புக்கு மண்ணு அணைக்கிறியே!” என்றார் அந்த அம்மா.

அவர் மட்டையை என் கையில் திணித்தார். “இது உன் ஒசரத்துக்குன்னு பண்ணது. எடுத்துக்கினு போ, தம்பி.”

“பணம்...”

“நான் வாங்குனது தோலு. அதுக்குக் காசு குடுத்துட்டேன். குச்சிக்கு உங்கிட்ட வாங்குனா அது வியாபாரம். நான் வியாபாரி இல்ல.”

அந்த அம்மாவின் முகத்தில் ஒரு போராட்டம் தெரிந்தது. பணத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், அண்ணாந்து என்னைப் பார்த்தார். கடைசியில் குனிந்து ஒரு மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். “இது ஒண்ணு எனக்கு. முருங்கக்கா இஸ்துப் பறிக்க.” குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தள்ளும் மட்டை அதுதான். மற்ற மட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்தேன்.

மறுநாள் மட்டைகளை வைக்கோல் பிரியால் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனேன். கிளப் துரைமார்கள் அந்தக் கட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. குழிக்கருகே வேறு மட்டையால் தள்ளிச் சில பந்துகளைத் தவறவிட்டேன். தூரத்து அடிகள் காப்பாற்றின. அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நின்றது. தங்கைக்குக் கல்யாணம் நடந்தது.

அடுத்த பொங்கலுக்குப் பாகூர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டு அவர்கள் கரும்புக் கொல்லைக்குப் போனேன். சால் மேலே வந்தபோது, சீமைக் கம்பெனி முத்திரை இன்னும் அழியாத அந்தத் தோல் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெல்லம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

யாரோடு போட்டி வந்தாலும் அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று முதலில் விசாரிக்க அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், அது எளிதாகவே கைவந்தது. ஆனால் எனக்கு நஷ்டம் செய்தவன் எதிரில் நிற்கும்போது, அவனுக்குத் தேவையானதை அவர்களைப் போல எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியேறிப் போக எனக்கு இன்றுவரை வரவில்லை.