யார் அந்த ‘நீ’?

துணி ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் தையல் பிரிவில் இருக்கிறாள், அது இவளுக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை. உள்ளபடிக்குக் கொஞ்சம் பெருமைதான். விளக்கு எரியும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, உருளையிலிருந்து இறங்கிவரும் துணியைக் கண்கொட்டாமல் பார்ப்பது அவள் வேலை. நூல் விட்டிருந்தால், சாயம் திட்டாக ஏறியிருந்தால், எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தால், மிதியை அழுத்தித் துணியை நிறுத்தி அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நல்ல துணி அதுபாட்டுக்குப் போய்விடும். குறைதான் அவளை நிறுத்தும்.

இந்தக் கண்ணை ஆலை வாசலில் கழற்றி மாட்டிவிட்டு வரமுடியுமா? வீட்டுக்கும் கூடவே வரும். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். கட்டிக்கொடுத்த மகள் போனில் “ஒண்ணும் இல்லம்மா” என்றால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். பாதி நேரம் அவள் நினைத்தது சரியாகவே இருந்துவிடும். அதுதான் வினை. தப்பாகவே போயிருந்தால் என்றைக்கோ விட்டுத் தொலைத்திருப்பாள்.

கணவர் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். குளியலறைக்கு நாலு டைல்ஸ் பார்க்க வந்தவரை வீடு முழுக்கத் தரையை மாற்ற வைத்து அனுப்பும் வாய். அதே வாய் சபையிலும் பேர் வாங்கியிருந்தது. வியாதிப் படுக்கையா, புதுவீடா, பிள்ளைக்குப் பரீட்சையா, ஜெபம் பண்ண அவரைத்தான் கூப்பிடுவார்கள். “சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம தகப்பனே” என்று ஆரம்பித்தால் நீர், உம்மை, உமக்கு, தேவரீர் என்று பொழிந்துகொண்டே போவார். சபைப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் அடைமழை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஆனாலும் ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்போது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும் முன் அடைமழை கட்டிலருகே நின்று ஜெபித்தார். நர்ஸுகள்கூட நின்று கேட்டார்கள். உடம்பு தேறியதும் அவள் சபையில் எழுந்து நின்று, “என் வீட்டுக்காரர் பண்ணின ஜெபம்தான் என்னைக் காப்பாத்துச்சு” என்று சாட்சி சொன்னாள். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று சபை நினைத்தது. அவளுக்கு மட்டும் அந்தக் குனிந்த தலை உறுத்தியது. ஆனால் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்தில் கணவனைச் சந்தேகப்பட்டால் நன்றாகவா இருக்கும்? விட்டுவிட்டாள்.

விட்டது மறுபடி வந்தது, இஸ்திரிப் பெட்டி வழியாக.

கல்யாணமான நாள் முதல் ஒரு கைக்குட்டையைக்கூடத் தேய்த்தறியாத மனிதர், திடீரென்று தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வேன் என்றார். “உனக்கு எதுக்குச் சிரமம்?” என்றார். இந்த வார்த்தை அவளுக்குப் புதுசு. மாடிப்படிக்கு அடியில் பழைய பெட்டிகளும் ஓடாத மின்விசிறியும் கிடக்கும் சின்ன அறை உண்டு. கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் இஸ்திரிப் பெட்டியோடு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு சட்டைக்கு அவ்வளவு நேரமா? அவள் தேய்த்தால் அந்த நேரத்தில் ஒரு வாரத்துத் துணியை முடித்துவிடுவாள். இவர் வெளியே வரும்போது சட்டையில் கசங்கல் அப்படியே இருக்கும், முகம் மட்டும் தெளிந்திருக்கும். அவள் மனசுக்குள் முதல் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

கூடவே இன்னொன்று. வீட்டு ஜெபத்தில் மழை ஓய்ந்துவிட்டது. ராச்சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பத்தை, சபையை, தேசத்தை எல்லாம் சுற்றி வருகிறவர், இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். போதகர் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கக் கூப்பிட்டதற்குத் தலைவலி என்றார். தலைவலியாவது மண்ணாவது. அன்றைக்கு மாலை படிக்கட்டு அறையில் நன்றாகத்தானே நின்றார்!

மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கப் போனவள் ஒருநாள் அந்தக் கதவருகே நின்றுவிட்டாள். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது என்றுதான் அவள் சொல்லுவாள். சரி, காதில் விழட்டும். உள்ளே அவர் குரல் கேட்டது. கடைக்குரலும் இல்லை, சபைக்குரலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத தணிந்த குரல்.

“நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா, சொல்லு? உன்கிட்டதான் உள்ளதைப் பேச முடியுது.”

அவள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.

நீ! ஆண்டவரிடம் பேசினால் நீர் என்று வரும். போதகரிடம், கடை முதலாளியிடம் பேசினால் நீங்க. இந்த வீட்டில் அவர் நீ என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான், அதுவும் “என் சாவியை நீ எங்க வச்ச?” என்கிற நீ. இந்த நீயோ வேறு. இதில் அப்படி ஒரு குழைவு இருந்தது. அது அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

அழகு நிலையம் வைத்திருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் ஒருமுறை யாருக்கோ புருவம் திருத்திவிட்டு வந்தாள்.

“அக்கா, அத்தான் சட்டையை அத்தானே தேய்க்கிறாரா?”

“ஆமா.”

“அப்போ விஷயம் இருக்கு.”

“அவரு அப்படிப்பட்டவர் இல்லடி. சபையில எல்லாரும்…”

“இங்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் அவரு அப்படிப்பட்டவர் இல்லைன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. நீ போனைப் பாரு. ரெண்டு போன் வச்சிருப்பாரு.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுத் தங்கை அடுத்த புருவத்துக்குப் போய்விட்டாள். இவள் இரண்டாவது போனைத் தேடினாள். சட்டைப் பையிலும் வண்டிப் பெட்டியிலும் தேடினாள். பரணில் இருந்த பழைய சூட்கேஸையும் விடவில்லை. தேடக் கூச்சமாக இருந்தது, தேடாமல் இருக்கவும் முடியவில்லை. வேதப்புத்தகத்தின் உறைக்குள் கையை விட்டுத் துழாவும்போது மட்டும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. ஆண்டவரே, இந்த மனிதர் என்னை எந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் பாரும் என்று முறையிட்டாள். முறையீட்டிலும் மரியாதை குறையவில்லை. பாரும் என்றுதான் சொன்னாள். அந்தப் பக்கம் யாராவது கேட்டார்களா என்று கேட்டால், அவள் பதில் சொல்லமாட்டாள். அதுவும் அவள் சந்தேகங்களில் ஒன்று. இத்தனை காலம் சபைக்குப் போனதில் யாரிடமும் சொல்லாத ஒன்று.

மறுநாள் ஆலையில் துணி ஓடியது, அவள் பார்க்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீளம் முழுசாகத் தாண்டிப் போய் வெட்டும் மேசையில் மாட்டியது. மேற்பார்வையாளர் வந்து, “பூதக்கண்ணாடிக்கே கண்ணாடி போடணுமா?” என்று கேட்டார். சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு கட்டினாள்.

மாலையில் அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. அவ நம்பிக்கிட்டிருக்கறதே அதைத்தான். நீதான் ஒரு வழி சொல்லணும்.”

போதும், கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும் போனில் குறுக்கே விழுவோம், முகம் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று தன் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

மணி கூடத்தில் அடித்தது.

திரும்பிப் பார்த்தாள். அவர் போன் மேசைமேல் சார்ஜரில் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அவள் பெயர். உள்ளே குரல் நிற்கவில்லை. அப்படியானால் இன்னொரு போன். அல்லது, ஐயோ, ஆளே உள்ளே இருக்கிறதா? இந்த எண்ணம் வந்ததும் கையும் காலும் அவள் வசத்தில் இல்லை. தோளால் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவே இல்லை. போன வேகத்தில் ஒரு பழைய பெட்டிமேல் போய் விழாத குறை.

உள்ளே அவர், இஸ்திரிப் பலகை, நீலச் சட்டை. வேறு யாரும் இல்லை. மின்விசிறிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

“என்ன தேடற?” என்றார்.

“யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தீங்க?”

“யாருகிட்டயும் இல்ல.”

“பொய் சொல்லாதீங்க. நீ இல்லாம எனக்கு யாரு இருக்கான்னீங்களே, யாரு அந்த நீ?”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. டைல்ஸ் கடையின் வாய் மென்று விழுங்கியது. “ஆண்டவர்” என்றார்.

“ஆண்டவரா? ஆண்டவரை யாராவது நீன்னு கூப்பிடுவாங்களா? காது குத்தாதீங்க!”

“நெசமாத்தான் சொல்றேன். நீர், உம்மைன்னு ஆரம்பிச்சா வாய் அதுபாட்டுக்கு ஓடுது. பழகிப்போச்சு. கடையில பளபளப்பைப் பத்திப் பேசுவேன்ல, அதுமாதிரி. ஒருநாள் ஒரு வீட்டுல ஜெபம் பண்றேன், எல்லாரும் அழறாங்க. நான் அந்த வீட்டுத் தரையைப் பாத்துக்கிட்டிருக்கேன். டைல்ஸ் சரியா ஒட்டலையேன்னு யோசிச்சுக்கிட்டே ஜெபம் பண்றேன். ஒரு வார்த்தை தடுக்கல. அன்னிக்குப் பயந்துட்டேன். அதுக்கப்புறம்தான் இங்க வந்து, கையில ஒரு வேலையை வச்சுக்கிட்டு, தெரிஞ்ச ஆளுகிட்டப் பேசற மாதிரி பேசிப் பாத்தேன். நீன்னு சொன்னா ரெண்டாவது வார்த்தைக்கே யோசிக்க வேண்டியிருக்கு. பொய் சொல்ல வரல.”

அவள் நம்பினாளா? பாதி. இந்தத் துணியில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று கண் சொன்னது. “அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னீங்க. அவ நான்தானே? என்ன சொல்லணும் எனக்கு?”

அவர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“உன் ஆபரேஷன் அன்னிக்கு நான் ஜெபம் பண்ணேன்ல. அன்னிக்கும் அப்படித்தான். வாய் பேசுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆண்டவர் இருக்காரா இல்லையான்னுகூட எனக்குத் தோணல. நீ பிழைச்சு வந்து, என் ஜெபம்தான் காப்பாத்துச்சுன்னு சபையில சாட்சி சொன்ன. எனக்கு எங்கயாவது ஓடிடலாம் போல இருந்துச்சு.”

அவள் அந்தப் பழைய பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆபரேஷன் அறைக் கதவைத் தாண்டினோம் என்று நினைத்துப் பார்த்தாள். நிஜமாகவே அந்த ஜெபத்தையா? ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. அவர் கைதான் நினைவுக்கு வந்தது.

“நான் எங்க உங்க ஜெபத்தைக் கேட்டேன்?” என்றாள்.

“என்ன?”

“கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்கல்ல. உங்க கை நடுங்கிச்சு. கம்பியே கடகடன்னு ஆடிச்சு. சரி, இந்த மனுஷனுக்கு நான் வேணும்னு தெரிஞ்சுது. அதை நெனச்சுக்கிட்டேதான் உள்ள போனேன். சாட்சி சொல்லும்போது ஜெபம்னுதானே சொல்லணும்? கை நடுங்கிச்சுன்னா சொல்லமுடியும்?”

அவர் அழுதார். ஊரையே அழவைத்தவர் தான் அழும்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கட்டிய பெண்டாட்டியிடம் பேசாததை இந்த ஓடாத மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்று வேறொருவரிடம் பேசியிருக்கிறாரே! அந்த வேறொருவர் ஆண்டவராகவே இருந்தாலும் பொறாமை பொறாமைதான். அதைவிட ஒரு கேள்வி அரித்தது. இவருக்குப் பேச்சு வருகிறது, சரி. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா? இருந்தால் இவளிடம் ஏன் இத்தனை நாள் ஒன்றும் பேசவில்லை?

“கதவைச் சாத்துங்க” என்றாள்.

சாத்தினார். அவள் கண்ணை மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையும் பார்த்துப் பழக்கமில்லை. நீர் என்று நாக்கில் வந்தது. அது அவளுடையது அல்ல, சபையுடையது. நீ என்பது அவருடையது. கூடவே வாழ்ந்து, சண்டை போட்டு, சாப்பாடு போட்டு, சந்தேகப்பட்டு அவள் பேசுகிற பேச்சு ஒன்றே ஒன்றுதான், கணவரிடம் சொல்லும் அந்த ‘நீங்க’.

“இவர் உங்ககிட்டதான் பேசறாரா?” என்று கேட்டாள், எதிர்ச் சுவரைப் பார்த்து. “நீங்க இருக்கீங்களான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். மத்தவங்க மாதிரி கேட்டுட்டு எந்திரிச்சுப் போறவ இல்ல நான். நீங்க பதில் சொல்றவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்.”