வேப்பிலை பிடுங்கிய கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என் கணவரை சோழவந்தானுக்கு மேற்கே ஒரு சின்ன சபைக்குப் போதகராக அனுப்பியிருந்தார்கள். சபையார் பெரும்பாலும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவர்கள். பாட்டன் கும்பிட்ட சாமியை விட்டு வந்து அதிக காலம் ஆகாதவர்கள். இவர் அப்போது இளவட்டம். வேதபாடம் படித்துவிட்டு வந்த சூடு ஆறவில்லை. எதற்கெடுத்தாலும் பிரசங்கம்தான். குழம்பில் உப்பு கூடினால்கூட ஒரு வசனம் வரும்.

அந்தப் பக்கத்தில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், வெளியாள் உள்ளே வராதே என்று அதற்கு அர்த்தம். பிள்ளையைப் படுக்கப் போடுவதும் வேப்பிலைமேல்தான். இவருக்கு அது அப்பட்டமான விக்கிரக ஆராதனை. ஒரு கோடையில், புருஷனை இழந்த ஒருத்தியின் மகனுக்கு அம்மை போட்டது. கிறிஸ்தவள் வீட்டில் வேப்பிலையா என்று இவர் நேரே போய்க் கொத்தைப் பிடுங்கினார். பையனுக்கு அடியில் விரித்திருந்ததையும் அள்ளி வெளியே எறிந்தார். பிறகு முழங்கால்படியிட்டு ஜெபித்துவிட்டு வந்தார். பையன் பிழைக்கவில்லை. அவள் இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கோயிலுக்கு வந்தாள். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு மட்டும் எழுந்திருக்கமாட்டாள். காரணம் ஊருக்கே தெரியும், இவரைத் தவிர.

அடுத்த கோடையில் அம்மை எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களுக்கு ஒரே மகள், சின்னஞ்சிறிசு. ஊசி குத்த இடமில்லாமல் உடம்பெல்லாம் முத்து. சொறியாதபடி கையைப் பிடித்துக்கொண்டால் அவள் கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. பகல் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து போனார். கோயில் வளாகத்து வேம்பில் கிளை ஒடித்து வந்து, இலையை உருவிப் பாயில் பரப்பி, பிள்ளையை அதன்மேல் கிடத்தினார். ஒரு கொத்தால் மெல்ல வருடிக்கொடுத்தார். கத்தல் அடங்கியது. இவர் அழ ஆரம்பித்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நம்ம பிள்ளை கிடந்தாத்தான் ஒங்களுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டே விட்டேன்.

விஷயம் சபை மூப்பர் காதுக்கு எட்டியது. அவர் வேலிக்கு வெளியே நின்று சொன்னார்: "வீட்டுக்குள்ள நடந்தது வீட்டோட போகட்டும் ஐயா. நீங்க வாயத் தொறந்தீகன்னா சபை கலைஞ்சுபோயிரும். ஒங்களையும் இங்க விட்டுவைக்க மாட்டாக."

அம்மை வீட்டு ஆள் என்பதால் அந்த ஞாயிறு இவர் கோயிலுக்குள் போகவில்லை. வாசலுக்கு வெளியே, தள்ளி வெயிலில் நின்றே பேசினார். பக்கத்து வீடு எங்களுடையது. ஜன்னலருகே எனக்கு எல்லாம் கேட்டது. 

"போன வருசம் இந்தத் தாய் வீட்டு வேப்பிலையப் பிடுங்கி எறிஞ்சேன். இன்னைக்கு எம் பிள்ளை அதுமேலதான் படுத்திருக்கு. பிள்ளை படுற எரிச்சலப் பாக்க முடியாம நானே ஒடிச்சுப் போட்டேன். இந்தம்மாவும் அதுக்குத்தான் போட்டிருந்தாங்க. ஏன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. நான் இங்க போதகரா இருக்கலாமா கூடாதான்னு நீங்களே சொல்லுங்க."

 உள்ளேயிருந்து பையனின் தாய் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அந்த எலை இருந்திருந்தா எம் புள்ள பொழச்சிருப்பானாய்யா?"

ஆமாம் என்றால் அவள் நெஞ்சு வெடித்துவிடும். இல்லை என்றால் இவர் தப்பித்துக்கொள்ளலாம். கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிச் சமாளிக்க இவருக்கு வசனமா இல்லை? 

"தெரியலம்மா," என்றார். "ஆனா கடைசிவரைக்கும் அந்த எரிச்சலோடயே கெடந்தான். அது என்னாலதான்."

அவள் இவரைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

இவரை என்ன செய்வது என்று மூப்பர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே எங்கள் மகளும் இறந்துபோனாள். ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. பயம், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். குழி வெட்ட ஆள் வராததால் இவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தப் பையனின் தாய் வந்தாள். கூப்பிடாமலே உள்ளே வந்து, என்னை ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவர நான் இன்னும் மன்னிக்கல தாயி," என்றாள். "மன்னிப்பேனான்னும் தெரியல. அதுக்காக நீ ஒத்தையில உக்காந்திருக்கணுமா?"

குழி வெட்டிவிட்டுத் திரும்பியவர் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் தலை நிமிரவில்லை.

"உள்ள வாங்கய்யா. புள்ளையத் தூக்கணும்ல, ஜெபம் பண்ணுங்க."

இவர் வந்து முழங்கால்படியிட்டார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. அவளே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள்.